மூடுவிழாவுக்கும் ஒரு டத்தோ

திறப்பு விழா நடத்துவதில் நம்மை மிஞ்ச ஆளில்லை. சிவப்பு ரிப்பன் உண்டு. வெள்ளித் தட்டில் கத்தரிக்கோல் உண்டு. நாதஸ்வரம் உண்டு. வெட்டுகிற டத்தோ பட்டக்காரருக்கு ஆளுயர மாலை உண்டு. வெட்டுவதற்கு முன் அரைமணி நேரம் பேச ஒலிபெருக்கியும் உண்டு. மறுநாள் நாளிதழில் படம் வரும். பத்துப் பேர் ஒரு கத்தரிக்கோலைப் பிடித்திருப்பார்கள். கடைக்காரர் ஓரத்தில் பாதி முகத்தோடு நிற்பார்.

இந்த விஷயத்தில் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் கொடுத்து வைத்த ஊர். 2010 அக்டோபர் 27 அன்று அன்றைய மலேசியப் பிரதமர் நஜிப் ரசாக்கும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் சேர்ந்து அதைத் திறந்துவைத்தார்கள். தாத்தா காலத்திலிருந்து திறந்தே கிடக்கும் தெருவை எதற்குத் திறக்கிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து அதற்குப் பெயர் லிட்டில் இந்தியா. வளைவு வந்தது. யானை நீரூற்று வந்தது. வர்ணம் பூசிய விளக்குக் கம்பங்கள் வந்தன. அதுவும் போதாதென்று 2015 நவம்பர் 23 அன்று இன்னொரு திறப்பு. சாஞ்சி ஸ்தூபியின் வாயிலைப் பார்த்துக் கட்டிய தோரண வாயில். இந்தியப் பக்கம் இந்த முறை மோடி. நம் பக்கம் அதே நஜிப். வாயிலுக்கு உள்ளே இருக்கும் கடைகள் என்ன கதியில் இருக்கின்றன என்று எட்டிப்பார்ப்பது மட்டும் இரண்டு நிகழ்ச்சி நிரலிலும் இல்லை.

தெருவை அழகாக்கிய கையோடு அதை ஒருவழிப் பாதையும் ஆக்கினார்கள். வண்டியை நிறுத்தி இரண்டு முழம் பூ வாங்கிப் போனவர், இப்போது ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். ஒருமுறை வருவார். இரண்டாம் முறை பேரங்காடிக்குப் போய்விடுவார். வியாபாரம் படுத்துவிட்டது என்று கடைக்காரர்கள் கத்தினார்கள். நீரூற்றின் சத்தத்தில் அது கேட்கவில்லை போலிருக்கிறது.

அந்தச் சாலைக்கு யார் பெயர் என்பதையும் நினைத்துப் பாருங்கள். துன் சம்பந்தன். தோட்டத் தொழிலாளியிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டத்தையே வாங்க வைத்தவர். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். தொழிலாளி காலடியில் சொந்த நிலம் இருக்க வேண்டும் என்றவரின் பெயரைத் தாங்கும் சாலையில், அடுத்த வருடம் வாடகை எவ்வளவு ஏறும் என்று தெரியாமல் முழிக்கிறான் வியாபாரி. பலகையில் பெயர் எழுதிவிட்டோம். கடமை முடிந்தது.

வாடகைக் கதைக்கு ஒரு தேதி உண்டு. 1948க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகை உச்சவரம்பு வைத்திருந்தது 1966ஆம் ஆண்டுச் சட்டம். 1997இல் அதை ரத்து செய்தார்கள். 2000 ஜனவரி 1 முதல் வாடகைக்கு மூக்கணாங்கயிறு இல்லை. கட்டடக்காரர் பக்கமும் நியாயம் இருந்தது, மறுக்கவில்லை. பழைய வாடகையில் கூரை ஓடுகூட மாற்ற முடியாது. ஆனால் கயிற்றை அறுத்தவர்கள், மாடு யார்மேல் பாயும் என்று யோசித்தார்களா? ஐந்தடியில் கண்ணாடிப் பெட்டி வைத்துக் கைக்கடிகாரம் பழுது பார்த்தவர்மேல் பாய்ந்தது. தையல்காரர்மேல் பாய்ந்தது. மாவு மில்லுக்காரர்மேல் பாய்ந்தது. கட்டடக்காரர்களில் பலர் நம்மவர்கள். மேடையில் தமிழ் வாழ்க என்பார்கள். வாடகை ரசீதில் வாழ்வது வேறு.

காலியான கடையில் அடுத்து என்ன வரும்? பழமை வரும். சுவரின் சுண்ணாம்பைச் சுரண்டிச் செங்கல்லைக் காட்டுவார்கள். பளிங்கு மேசை, பூப்போட்ட தரை, எனாமல் குவளை. தாத்தா காலத்துக் காப்பிக்கடை போலவே இருக்கும். தாத்தாவின் காப்பிக்கடையைக் காலி செய்துவிட்டுத்தான் அது வந்திருக்கிறது. சுவரில் பழைய தெருவின் கறுப்பு வெள்ளைப் படம். வாடகை கட்ட முடியாமல் போனவரும் அந்தப் படத்தில் ஓரமாக நிற்கக்கூடும். அவரைப் பார்த்துக்கொண்டே காப்பி குடிக்க நாம் பதினைந்து வெள்ளி கொடுக்கிறோம். கூடவே சேவைக் கட்டணம்.

பெரிய விளையாட்டு வேறு இடத்தில் நடந்தது. ரயில் பெட்டிகளைப் பிரித்துச் சேர்த்த பழைய ரயில்வே நிலத்தில் 2001இல் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையம் எழுந்தது. மோனோரயில் 2003இல் வந்தது. அதன் நிலையம் மட்டும் தனியே துன் சம்பந்தன் சாலைப் பக்கம் நின்றது. ரயில் மாறுகிறவர்கள் வெயிலில் தெருவில் நடந்தார்கள். பயணிகளின் துன்பத்தைக் கண்டு உருகி 2014இல் ஒரு வழி செய்தார்கள். நூ சென்ட்ரல் பேரங்காடி. இப்போது ஒரு ரயிலிலிருந்து இன்னொரு ரயிலுக்குப் போகக் குளிர்சாதனக் காற்றில் பேரங்காடிக்குள் நடக்க வேண்டும். செருப்புக்கடை, கைப்பேசிக்கடை, ரொட்டிக்கடை தாண்டித்தான் டிக்கெட். மக்கள் நடமாட்டத்தைத் தெருவிலிருந்து உருவிக் கூரைக்கு அடியில் போட்டுவிட்டு, தெருவுக்கு ஒரு யானை பொம்மை கொடுத்தார்கள்.

இதே ஊரில்தான் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. உடம்பு பிடித்துவிட்டுப் பிழைக்கும் பார்வையற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக நடைபாதையில் மஞ்சள் ஓடு பதித்திருக்கிறார்கள். அதைத் தடவிக்கொண்டே போனால் நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிளில் போய் முட்டலாம்.

பேரங்காடி என்றால் சிரஞ்சீவி என்றும் நினைக்க வேண்டாம். நாட்டின் முதல் பேரங்காடியான அம்பாங் பார்க், 1973இல் திறந்தது. ரயில் பாதைக்கு நிலம் வேண்டும் என்றார்கள். கடை உரிமையாளர்கள் நீதிமன்றப் படியேறிப் பார்த்தார்கள். 2017 டிசம்பர் 31 அன்று கதவு மூடியது. கடைகள் போயின, ரயில் நிலையத்துக்கு மட்டும் அதே பெயர். மறுபுறம் 2023 நவம்பரில் டிஆர்எக்ஸ் பேரங்காடி திறந்தது. அரசு முதலீட்டு நிறுவனமான 1எம்டிபி தொடங்கிய நிதி நகரத்தின் மணிமகுடம். 2012இல் அந்தத் திட்டத்தைத் தொடக்கிவைத்ததும் நஜிப்தான். 2022 ஆகஸ்டில் அவர் ஊழல் வழக்கில் சிறைக்குப் போனார். அவர் திறந்துவைத்தவை இன்னும் திறந்துதான் இருக்கின்றன, அந்த மட்டில் சந்தோஷம்.

கடையை மூடவைப்பது வாடகை மட்டுமல்ல, ஆள் பஞ்சமும்தான். முடிவெட்டும் கடைக்கு வருவோம். முடிவெட்டும் கடை, துணிக்கடை, நகைப்பட்டறை மூன்றுக்கும் வெளிநாட்டு ஆள் எடுக்க 2009இல் தடை வந்தது. உள்ளூர்ப் பிள்ளைகள் இந்த வேலைக்கு வருவதில்லை என்பது அமைச்சருக்கும் தெரியும், அவருக்கு முடி வெட்டுகிறவருக்கும் தெரியும். 2023 செப்டம்பரில் 7,500 பேருக்கு அனுமதி என்று அறிவிப்பு. கைதட்டினோம். நன்றி விளம்பரம் போட்டோம். மாதங்கள் ஓடின. சங்கங்கள் மறுபடியும் மனுவோடு வரிசையில் நின்றன. அறிவிப்பு முடி வெட்டாது.

கோலாலம்பூர் மஸ்ஜிட் இந்தியா சாலையில் நடந்ததைப் பற்றி நகைச்சுவை எழுத எனக்கு மனமில்லை. 2024 ஆகஸ்ட் 23 அன்று நடைபாதை உள்வாங்கியது. இந்தியாவிலிருந்து வந்த ஒரு பெண் உள்ளே விழுந்தார். ஒன்பது நாள் தேடினார்கள். கிடைக்கவில்லை. மேலே விளக்கும் வளைவும் வைக்கத் தெரிந்த நகரத்துக்கு, கீழே என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு உயிர் போக வேண்டியிருந்தது. பிறகு வேலி அடைத்தார்கள். வேலிக்குப் பின்னால் இருந்த கடைக்காரர்கள் ஈ ஓட்டினார்கள்.

எனவே ஒரு கோரிக்கை. மூடுவிழாவுக்கும் டத்தோ வரட்டும். ரிப்பன் வெட்ட வேண்டாம், கட்டட்டும். கடைசிப் பூட்டைப் பூட்டிச் சாவியைக் கட்டடக்காரரிடம் கொடுக்கட்டும். ஒலிபெருக்கியில் அரைமணி நேரம் பேசட்டும். வாடகை எவ்வளவு ஏறியது, சாலையை யார் திருப்பினார்கள், ஆள் அனுமதி எந்த மேசையில் தூங்குகிறது என்று சொல்லட்டும். படத்தில் கடைக்காரரை நடுவில் நிற்க வைக்கட்டும்.

வரமாட்டார்கள். ஏன் வர வேண்டும்? இந்த நாட்டில் உள்ளாட்சித் தேர்தலை 1965இல் நிறுத்தினார்கள். இன்றுவரை திரும்பி வரவில்லை. சாலையைத் திருப்புகிற, உரிமம் கொடுக்கிற, ஒட்டுக்கடையை அள்ளிப்போகிற மாநகர் மன்றத்துக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை. கோலாலம்பூர் மேயரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. கிள்ளான் 2024இல் அரச மாநகரானது; அதன் மேயரையும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை. வாக்கு வேண்டாதவருக்கு வாக்காளரின் கடை எதற்கு?

ஆனால் தீபாவளிக்கு வருவார்கள். கிள்ளான் தெங்கு கிளானா சாலைக்குத் தவறாமல் வருவார்கள். முன்னால் கேமரா, பின்னால் உதவியாளர், நடுவில் பட்டு ஜிப்பா. ஒரு முறுக்கைக் கடித்துப் படம் எடுத்துக்கொண்டு, ஒட்டுக்கடைக்காரரின் தோளில் கைபோட்டு, "வியாபாரம் எப்படி?" என்று கேட்பார்கள். காலையிலிருந்து பத்துப் பொட்டலம்கூட விற்காத மனிதர் பக்கத்தில் நிற்கும் உரிமப் பிரிவு அதிகாரியை ஒரு பார்வை பார்ப்பார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க, டத்தோ."