ரசீதுள்ள ஏழை

ஏழைக்கும் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான். அதற்குத்தான் 2009 கல்வி உரிமைச் சட்டம், தனியார் பள்ளியில் 25 சதவீத இடம், கட்டணம் அரசுடையது. ஆனால் தூத்துக்குடி மாவட்டத்து ஏரலில் தேர்ந்தெடுப்பவர் யார்? முதலில் ஒரு கிலோமீட்டர் தூரம், கூட்டம் மிஞ்சினால் குலுக்கல். நாசரேத், சாயர்புரம் என்று சுற்றிலும் திருச்சபைப் பள்ளிகள். சிறுபான்மைப் பள்ளிகளை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மிச்சமிருப்பதில் பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

2025-இல் டெல்லி இந்த இடங்களுக்கான பணத்தைப் பிடித்துவைத்தது, சென்னை சேர்க்கையைப் பிடித்துவைத்தது. அக்டோபரில் கதவு திறந்தபோது, ஏற்கெனவே சேர்ந்து படிக்கும் பிள்ளைகளுக்கே இடமாம். கட்டிய பணம் திரும்புமாம். ஆக, ஏழை என்று நிரூபிக்க வருமானச் சான்றிதழோடு ஜூன் மாதக் கட்டண ரசீதும் தேவைப்பட்டது. தாமதமானாலும் உதவிதானே என்றால், சரிதான். ஜூனில் கட்டப் பணமில்லாதவர் பிள்ளை அதற்குள் அரசுப் பள்ளியில் காலாண்டுத் தேர்வையே முடித்திருக்கும்.