நான் பிறந்த மாவட்டம் எது?

நான் பிறந்தது 1955-இல், கோயம்புத்தூர் மாவட்டத்தில். மறு வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி, தொட்டிலை விட்டு இறங்காமலே மைசூர்க்காரன் ஆகிவிட்டேன். மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது கொள்ளேகால் தாலுகாவை மதராஸிடமிருந்து எடுத்து மைசூரோடு சேர்த்தார்கள். தாலுகாவோடு எங்கள் மார்டள்ளியும் போனது. 1973-இல் மாநிலத்துக்குக் கர்நாடகம் என்று பெயர் வந்தது. 1997-இல் எங்களைச் சாமராஜநகர் மாவட்டத்தில் போட்டார்கள். இப்போது தாலுகாவும் கொள்ளேகால் இல்லை, ஹனூர். இத்தனைக்கும் எங்கள் வீட்டுத் திண்ணை ஒரு சாண்கூட நகரவில்லை.

ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் கொஞ்சத்தைப் பங்குகளில் போட்டு வைத்திருக்கிறேன். போன மாதம் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மறந்துவிட்டேன். 'பரவாயில்லை, ஒரே ஒரு கேள்வி' என்று திரை என்னைப் பார்த்துக் கேட்டது: நீங்கள் பிறந்த மாவட்டம் எது?

மைசூர் என்று அடித்தேன். தவறு. சாமராஜநகர். அதுவும் தவறு.

"மாமா, இன்னொரு தடவை தப்பாச்சுன்னா பூட்டிக்கும்" என்றான் தங்கை மகன்.

நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கேள்வி கேட்டவன் நான். பிறந்த ஊர்க் கேள்வியில் பெயிலாவேன் என்று கனவிலும் நினைக்கவில்லை. உதவிக்குப் போன் போட்டால், "மாரத்தஹள்ளியா சார், பெங்களூரு?" என்றார் எதிர்முனையில் பேசிய பெண். "இல்லம்மா, மார்டள்ளி. மாதேஸ்வரன் மலைப் பக்கம்" என்றேன். "ஓகே சார், மாரத்தஹள்ளி" என்று எழுதிக்கொண்டார். அங்கே கம்ப்யூட்டர் கம்பெனிகள், இங்கே மக்காச்சோளம். தபால்கள்கூட இந்தத் தப்பைச் செய்ததுண்டு.

ஒரு வழியாகப் புது பாஸ்வேர்டு போடச் சொன்னார்கள். ஒரு பெரிய எழுத்து, ஒரு சின்ன எழுத்து, ஒரு எண், ஒரு குறி. எனக்குத் தெரிந்த இரண்டு மொழிகளிலும், தமிழிலும் கன்னடத்திலும், பெரிய எழுத்து சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. இந்தத் தொல்லைக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் பில் பர் என்ற அமெரிக்கர். 2003-இல் அந்த நாட்டு அரசு நிறுவனம் ஒன்றுக்காக இப்படி விதி எழுதினார். ஓய்வு பெற்ற பிறகு, 2017-இல், எழுதியதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாகப் பத்திரிகைக்காரரிடம் சொன்னார். வருத்தம் மார்டள்ளி வரைக்கும் வரவில்லை, விதி வந்துவிட்டது.

பாஸ்வேர்டு ஆனதும் ஓடிபி. எங்கள் வீட்டில் இண்டர்நெட் கேபிள் வழியாகக் கீழே வருகிறது. செல்போன் சிக்னலோ மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான். எனவே கம்ப்யூட்டர் முன்னால் நான், தொட்டிக்குப் பக்கத்தில் போனோடு என் மனைவி.

"வந்துடுச்சுங்க! ஏழு... மூணு... சைபர்..."

"மூணா, நாலா?"

பதில் மாடியிலிருந்து வரவில்லை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் முறத்தில் புடைத்துக்கொண்டிருந்த பாட்டி, "மூணுதாம்பா. அடுத்து சைபரு, எட்டு, எட்டு, ஒண்ணு" என்றார். பாட்டிக்குக் காது மந்தம் என்று ஊரெல்லாம் பேச்சு. ஓடிபி வந்த அதே செய்தியில், இதை யாரிடமும் சொல்லாதீர்கள் என்றும் எழுதியிருந்தது. தெருவில் அன்றைக்கு அதைக் கேட்காதவர்கள் கோழிகள்தான்.

இந்தச் சிக்னலால் ஒரு நன்மையும் உண்டு. ஒருநாள் மாடியில் வடகம் காய வைக்கப் போனபோது போன் வந்தது. 'உங்கள் கணக்கு முடங்கப் போகிறது, இப்போது வரும் எண்ணைச் சொல்லுங்கள்' என்று ஒருவன் அவசரப்படுத்தினான். "தம்பி, அது எனக்கே ஒழுங்கா வர்றதில்ல, உனக்கு எங்கேருந்து சொல்றது?" என்றேன். வைத்துவிட்டான். இப்படி ஏமாற்றுகிறவர்கள் இருப்பது தெரிந்துதான் அரசு 1930 என்ற எண்ணை வைத்திருக்கிறது. பணம் போனால் உடனே அதற்குக் கூப்பிட வேண்டும். நாள் தள்ளினால் போனது போனதுதான்.

தெருவே ஓடிபி கேட்கும் கதையைச் சொன்னதும் தங்கை மகன் என் போனில் வேறொரு செயலியைப் போட்டுக் கொடுத்தான். 30 நொடிக்கு ஒரு புது ஆறு இலக்க எண்ணை அது காட்டும், சிக்னலே வேண்டாம். முதலிலேயே கொடுத்து வைத்த ஒரு ரகசியத்தையும் அப்போதைய மணியையும் வைத்து, போன் இங்கே ஒரு கணக்குப் போடும், கம்பெனி அங்கே அதே கணக்கைப் போடும். இரண்டு விடையும் ஒன்றானால் கதவு திறக்கும். எனக்கு மிகவும் பிடித்துப்போனது. ஆனால் திறக்கவில்லை.

பையன் அரை மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்டான். கடைசியில் சுவர்க் கடிகாரத்தையும் என் போனையும் மாறி மாறிப் பார்த்தான். "மாமா, போன்ல ஏன் பத்து நிமிஷம் கூட ஓடுது?"

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கும் கொள்ளேகால் பஸ்ஸுக்கும் பிந்தக் கூடாது என்று நான்தான் தள்ளி வைத்திருந்தேன். மணியைச் சரியாக வைத்ததும் கணக்கு திறந்தது. அந்த வார பஸ்ஸைக் கோட்டை விட்டேன்.

அடுத்து விரல்ரேகையாம். 2022-இல் பங்குச்சந்தைகள் தரகு நிறுவனங்களுக்கு ஒரு விதி போட்டன. உள்ளே வருகிறவரிடம் ரேகை, முகம் மாதிரி உடம்பில் இருக்கும் அடையாளம் ஒன்றையும், கூடவே பாஸ்வேர்டோ ஓடிபியோ ஒன்றையும் கேட்பது நல்லது. அதற்கு வழியில்லையென்றால் பாஸ்வேர்டு, ஓடிபி இரண்டுமே வேண்டும். எல்லாம் அந்த வருஷம் செப்டம்பர் 30-க்குள். விதி நியாயமானதுதான். ஆனால் முதியோர் கல்வி வகுப்பில் எத்தனை பேரின் கட்டைவிரலைப் பிடித்து, "இனி கைநாட்டு கூடாது, கையெழுத்துதான்" என்று பாடம் நடத்தியவன் நான்! இப்போது அந்த வாத்தியாரையே கைநாட்டு வைக்கச் சொல்கிறார்கள். அதுவும் சாக்பீஸிலும் மண்வெட்டியிலும் தேய்ந்த விரலைப் போன் அறிந்துகொள்ள மாட்டேன் என்கிறது. மூன்று தடவை வேட்டியில் துடைத்து வைத்த பிறகு, 'மீண்டும் முயலுங்கள்'.

இதை எழுதி முடித்துப் பையனிடம் படிக்கக் கொடுத்தேன். முதல் வரியிலேயே நிமிர்ந்தான். "மாமா, அந்தக் கேள்விக்குப் பதில் கோயம்புத்தூர்தானே? அதையே கட்டுரையில எழுதிட்டீங்களா?"

மாற்றிவிட்டேன். எதற்கு மாற்றினேன் என்று மட்டும் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியிடமும் கேட்காதீர்கள்.