விசிலை விழுங்கிய ஜூம்

2020 மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் கொரோனாவுக்கான நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அடுத்த சில வாரங்களில் பாடங்கள் ஒவ்வொன்றாகக் கைப்பேசிக்குள் குடியேறின. கணிதம் போனது, தமிழ் போனது, உடற்கல்வியும் போயே ஆகவேண்டும் என்றார்கள். திடல் இருக்கிறது, பிள்ளைகள் வரக்கூடாது. கைப்பேசி இருக்கிறது, கேமரன் மலைத் தோட்டங்களில் லைன் கிடைக்காது.

திரைவழி உடற்கல்வியை எப்படி நடத்துவது என்று எங்களுக்குச் சொல்லித்தர, சென்னையிலிருந்து ஒரு பயிற்றுநர் ஜூமில் வந்தார். அந்தப் பக்கம் தமிழ்நாட்டு பி.டி. மாஸ்டர்கள். இந்தப் பக்கம் எங்கள் மலையின் ரிங்லெட், தானா ராத்தா வட்டாரத்து ஆசிரியர்கள். இரண்டு நாட்டுக்கும் நடுவே இரண்டரை மணி நேரம். எங்களுக்குக் காலை ஒன்பது என்றால் அவர்களுக்கு ஆறரை. நாங்கள் பசியாறிவிட்டு உட்காருவோம். அவர்கள் காபி வருகிறதா என்று அடுப்படியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

முதல் வகுப்பு வரலாறு. 1920-இல் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் சென்னை ஒய்.எம்.சி.ஏ.வில் உடற்கல்விப் பயிற்சியைத் தொடங்கினாராம். சரியாக நூறாவது ஆண்டில் நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் படித்துக்கொண்டிருந்தோம். பக் துரை பார்த்திருந்தால் எல்லோரையும் மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டிருப்பார்.

செய்முறையில்தான் வேடிக்கை. எங்கள் நாட்டு உடல்தகுதிச் சோதனையான செகாக்கில், 30 சென்டிமீட்டர் உயரப் பலகையில் மூன்று நிமிடம் ஏறி இறங்க வேண்டும். நிமிடத்துக்கு 96 தட்டு என்று தாளக்கருவி ஒலிக்கும். ஜூம் அதைப் பின்னணி இரைச்சல் என்று முடிவுகட்டி அமுக்கிவிட்டது. பயிற்றுநர் விசிலை எடுத்தார். அதையும் விழுங்கிவிட்டது. ஒரு திடலையே கப்சிப் ஆக்கும் விசில் அது! வேறு வழியின்றி வாயால் எண்ணினார். அவர் 'மூன்று' சொல்லும்போது எனக்கு 'ஒன்று' கேட்டது. ரிங்லெட் ஆசிரியர் ஏறும்போது திருநெல்வேலி ஆசிரியர் இறங்கினார். பலகைக்குப் பதில் ஒருவர் பிஸ்கட் டின்மீது ஏறினார். அதன்பிறகு கொஞ்ச நேரம் அவர் திரையில் இல்லை.

தண்டால் எடுக்கும்போது எல்லோருடைய கேமராவும் கூரையைப் பார்த்தது. மின்விசிறி சுற்றினால் தமிழ்நாடு, துத்தநாகக் கூரை தெரிந்தால் கேமரன் மலை. அதை வைத்தே பயிற்றுநர் வருகைப்பதிவு எடுத்தார்.

"சார், உங்களுக்கு ஏன் வியர்க்கவே மாட்டேங்குது? ஏமாத்துறீங்களா?"

"ஐயா, இங்க ஸ்வெட்டர் போட்டாத்தான் பேச்சே வரும்."

அவர் நம்பவில்லை. நாற்பதாவது நிமிடத்தில் இலவச ஜூம் தானாக அணைந்துவிடும் என்பது மட்டும்தான் எங்கள் எல்லோருக்கும் ஆறுதல்.

எனக்கு லைன் கிடைத்த இடம் தேயிலைச் சரிவின் உச்சி. வீட்டிலிருந்து அங்கே ஏறுவதே அன்றைய உடற்பயிற்சி. உச்சியில் நின்று நான் கைப்பேசியைப் பார்த்துத் துள்ளிக்கொண்டிருப்பேன். பக்கத்து வரிசையில் வங்காளதேசத் தொழிலாளர்கள் இரண்டிரண்டு பேராகக் கொழுந்து வெட்டும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு, முதுகில் கொழுந்து மூட்டையோடு அதே சரிவில் ஏறி இறங்குவார்கள். தாளக்கருவியும் இல்லை, பலகையும் இல்லை. அவர்களுக்குச் செகாக் வைத்தால் எங்களில் ஒருவரும் பக்கத்தில் நிற்க முடியாது. லைன் தேடி ஏறியது நான் மட்டுமில்லை. அந்த ஜூன் மாதம் சபா மாநிலத்தில் ஒரு மாணவி இணையத் தேர்வு எழுத மரத்தில் ஏறி ஒரு நாள் முழுக்க இருந்தார் என்று செய்தி வந்தது. நாடே கண்கலங்கியது. நான் மட்டும், உடற்கல்வியில் முழு மதிப்பெண் கொடுக்கலாமே என்று நினைத்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். இணையத்தில் நடந்த உடற்கல்வி வகுப்பை யாரும் கடன் கேட்கவில்லை. அதற்கு முன்பெல்லாம் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆரைக் காட்டியே கணித ஆசிரியர்கள் எங்கள் பாடவேளையைப் பறித்துக்கொள்வார்கள். 2021-இல் அந்தத் தேர்வையே அரசு எடுத்துவிட்டது. ஆகவே கணித ஆசிரியர்களே, இதுவரை வாங்கிய பாடவேளைகளைத் திருப்பித் தரவேண்டாம். இனிமேல் கேட்காமல் இருந்தால் போதும்.