குத்தியின் குற்றமா, ஊரின் குற்றமா?
கல்முனைக் கரையோரத்துக் கோணல் நாணயங்கள் பற்றிய முதனிலை ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கடைக்காரர் திருப்பித் தந்த நாணயக் குத்தி ஒன்று கையில் மிஞ்சுகிறது. அது ஆலையிலேயே பிழையாக அடிபட்டதா, வெளியே வந்து பழுதுபட்டதா? முன்னது என்றால் சேகரிப்பாளர் முகமதிப்பைவிடப் பலமடங்கு தருவார். பின்னது என்றால் பஸ் கொண்டக்டர்கூட வாங்கமாட்டார். உலோகம் ஒன்றுதான், கோணலும் ஏறக்குறைய ஒன்றுதான். கோணலாக்கியவர் யார் என்பதில்தான் விலை இருக்கிறது. இந்த அநீதியை ஆராய்வதே எமது நோக்கம்.

1. ஆய்வுக்களம்

பெரியநீலாவணை தொடக்கம் அக்கரைப்பற்று வரையான கரையோரம் இவ்வாய்வுக்கு மிகப் பொருத்தமானது. காரணம், மற்ற ஊர்களில் ஆய்வாளரைக் குழப்பும் இரண்டு விடயங்கள் இங்கே இல்லை.

முதலாவது தண்டவாளம். உலகெங்கும் பிள்ளைகள் காசைத் தட்டையாக்குவது அதன் மேல் வைத்துத்தான். எமக்கோ ரயில் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து கல்முனைக்கு ஏறக்குறைய 40 கிலோமீற்றர். அவ்வளவு தூரம் போய் ஒரு ரூபாவை நசுக்க எந்தப் பிள்ளைக்கும் பஸ் காசு கட்டுப்படியாகாது.

இரண்டாவது மேல்நாட்டுத் துணி உலர்த்தி. அதன் உருளை இடுக்கில் சிக்கிய குத்தி நாட்கணக்கில் உருண்டு, விளிம்பு உள்ளே மடிந்து, "அபூர்வப் பிழை" என்ற பெயரில் விலைக்கு வருவதுண்டு. சாறன் நெய்யும் மருதமுனையிலேயே சாறன் காய்வது வெயிலில்தான். வெயில் இதுவரை எந்த விளிம்பையும் மடித்ததில்லை.

இன்னொன்றையும் மனதில் கொள்ள வேண்டும். இலங்கையில் குத்தி அடிக்கும் ஆலை கிடையாது. ஆங்கிலேயர் காலத்தின் பிற்பகுதியில் கல்கத்தாவிலும் பம்பாயிலும் அடித்து வந்தது. 1950இல் தொடங்கிய மத்திய வங்கியும் வேல்ஸிலுள்ள ரோயல் மின்ட் போன்ற வெளிநாட்டு ஆலைகளில்தான் அடிப்பித்து வந்திருக்கிறது. ஆகவே உண்மையான அச்சுப் பிழை ஒவ்வொன்றும் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியது. உள்ளூரில் உற்பத்தியாவது சேதம் மட்டுமே.

2. ஆய்வுக் கருவிகள்

விரல் நுனி, பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம், தெரிந்த நகைக்கடையின் தராசு.

விரல் நுனி கேட்கும் கேள்வி: மேடா, பள்ளமா? அச்சில் உருவம் பள்ளமாக வெட்டப்பட்டிருப்பதால் குத்தியில் அது மேடாக எழும். அச்சு வெடித்தாலும் அப்படியே, வெடிப்பு மேட்டுக் கோடாக வரும். ஆணி கீறினால் பள்ளம், ஓரத்தில் பிசிறு. மேட்டுக் கோட்டை எந்த ஆணியாலும் கீற முடியாது. இந்த ஒரு விதியே பாதி வழக்குகளைத் தள்ளுபடி செய்துவிடும்.

காந்தத்தின் வேலை வதந்தியை அடக்குவது. "காந்தத்தில் ஒட்டாத ஐந்து ரூபா லட்சம் பெறும்" என்று சொல்லப்படுகிறது. 1984 முதல் வந்த ஐந்து ரூபா நிக்கல் பித்தளை, சுமார் 9.5 கிராம், ஒட்டாது. 2005 முதல் வந்தது பித்தளை முலாம் பூசிய உருக்கு; ஒட்டும். எனவே ஒட்டாத குத்தியில் முதலில் பார்க்க வேண்டியது விலையை அல்ல, ஆண்டை.

3. வகைப்பாடு

(அ) பிறைவெட்டு. விளிம்பில் வளைவாக ஒரு துண்டு குறைந்திருக்கும். உலோகத் தகட்டில் வட்டம் வட்டமாக வெட்டும்போது, ரொட்டி மாவில் தம்ளர் முந்திய வட்டத்தின் மேல் ஏறிவிடுவதுபோல், வெட்டி ஏறிவிடுவதால் வருவது இது. அரத்தால் ராவியும் இப்படி ஆக்கலாம். எம் ஊர்களில் நோன்புப் பிறைக்குச் சாட்சி கேட்பது வழக்கம். இங்கேயும் சாட்சி உண்டு. எதிர்ப்புற விளிம்பே அது. விளிம்பை எழுப்பும் இயந்திரத்தில் குறைபட்ட பக்கம் அழுத்தம் கொடுக்காததால், நேரெதிர்ப் பக்கமும் மங்கிப்போகும். எதிர்விளிம்பு கூர்மையாக இருந்தால் பெரும்பாலும் பிறை பொய், அரம் மெய்.

(ஆ) கொப்புளம். முலாமுக்கு அடியில் வாயு சிக்கினால் தோல் கிழியாத வழவழப்பான கொப்புளம் வரும். அது ஆலையின் கைவேலை. கடற்காற்று பட்டு உள்ளேயுள்ள உருக்கு துருவேறிப் பொங்கினால் செந்நிறம் கசியும், நகம் பட்டால் உதிரும். சாய்ந்தமருதுக் கரையில் மணலோடு கிடைக்கும் குத்திகள் யாவும் இரண்டாம் வகையே.

(இ) செம்பு ரூபா. மஞ்சள் குத்தியைத் தேசிக்காயில் ஊறவைத்தால் பித்தளையின் நாகம் மேற்பரப்பில் கரைந்து செந்நிறம் தங்கும். "பிழையாகச் செம்பில் அடித்தது" என்று விற்பனைக்கு வருவது இதுவே. மோந்து பார்ப்பதும் ஒரு பரிசோதனைதான்.

(ஈ) கண்ணாடி எழுத்து. முந்திய குத்தி அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த குத்தியின் ஒரு முகத்தில் அதன் உருவம் இடவலம் மாறிப் பள்ளமாகப் பதியும்; முகம் முழுவதும், கூர்மையாக. கராஜ் வைஸில் இரண்டு குத்திகளை வைத்து இறுக்கினாலும் இடவலம் மாறிய எழுத்து வரும். ஆனால் பழைய மேட்டு உருவம் நசுங்கிய நிலையில் கூடவே நிற்கும். அதைப் பார்க்கும்போதே வலிக்கும்.

(உ) காணாமற்போன எழுத்து. அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப்பிசுக்கு அடைத்தால் சில எழுத்துகள் மங்கும். சுற்றியுள்ள தளம் வழவழப்பாகவே இருக்கும். ராவியிருந்தால் கீறல் தெரியும், எடையும் குறையும். மூன்று மொழிகளில் தமிழ் மட்டும் மங்கிய குத்தி கிடைத்தால், அறிக்கை விடுமுன் பிசுக்கை விசாரிக்கவும்.

(ஊ) துளை. துளையிட்டால் மறுபக்கம் பிசிறு நிற்கும், எழுத்து பாதியில் அறுபடும். ஆனால் நோக்கம் பெரும்பாலும் மோசடி அல்ல. வாஷரை விட இரண்டு ரூபாக் குத்தி மலிவு என்பது பொருளாதாரம்.

4. விவாதம்

இங்கே ஒரு வரலாற்று முட்டுக்கட்டை. 1660இல் இதே கிழக்குக் கரையின் கொட்டியாரத்தில் பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸ், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்துவிட்டு, 1681இல் லண்டனில் நூல் வெளியிட்டார். அரசனின் அனுமதியோடு எவரும் செய்யக்கூடிய வெள்ளிக் காசு ஒன்றை அதில் விவரிக்கிறார். தூண்டில் வடிவம், மேலே விரும்பிய அடையாளம். சந்தேகம் வந்தால் நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். சுத்த வெள்ளையாக வராவிட்டால் செல்லாது. பாரசீகத்து லார் நகரின் பெயரால் லாரின் எனப்பட்ட வெள்ளிக்கம்பி, வளைகுடா வணிகத்தோடு இங்கு வந்து, இங்கேயே வளைந்த கதை இது.

அதாவது, ஒரு காலத்தில் வளைப்பதே அடிப்பது. வளைத்த கையே ஆலை. "ஆலைக்குப் பிந்திய சேதம்" என்ற சொல்லுக்கு அப்போது பொருளே இல்லை. போர்த்துக்கேயருக்குப் பின் வந்த ஒல்லாந்தர், அவர்கள் விட்டுப்போன காசுகள் மேல் தங்கள் கம்பனி முத்திரையைக் குத்திப் புழக்கத்தில் விட்டார்கள். அடித்து முடிந்த காசின் மேல் அடித்த அந்த அடி, இன்று நூதனசாலையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. கல்முனை கராஜில் விழுந்த அடிக்கோ கடையில் கிடைப்பது "இது ஏலாது தம்பி, வேற குத்தி தாங்க" என்ற தீர்ப்பு.

ஆலை கடல் கடந்து போனபோது பிழை செய்யும் உரிமையும் கூடவே போய்விட்டது என்பதே எமது முடிவு. ஆளுவோர் அடித்தால் முத்திரை, ஆலை தவறினால் அபூர்வம், நாம் தொட்டால் பழுது.

5. புழக்கவியல்

கோணல் குத்திகளின் நடமாட்டத்துக்கு ஒரு நேரம் உண்டு. பகலில் அவை வெளியே வருவதில்லை. மஃரிபுக்குப் பின், அக்கரைப்பற்று பஸ்ஸின் மங்கிய வெளிச்சத்தில், மிச்சக் காசின் நடுவே கைமாறுகின்றன. மறுநாள் காலை தேநீர்க்கடையில் அவை கண்டுபிடிக்கப்படுகின்றன. "காக்கா, நேத்து பஸ்ஸில தந்தது" என்ற வாக்குமூலம் எந்த முதலாளியிடமும் எடுபட்டதில்லை. எவரும் ஏற்காத குத்தி இறுதியில் பள்ளிவாசல் உண்டியலைச் சேர்கிறது. மறுமையில் அதற்கு முகமதிப்பு உண்டா என்பது உலமாக்களின் துறை.

6. விதப்புரைகள்

ஒன்று: குத்தியைத் தேய்க்கவோ ஊறவைக்கவோ வேண்டாம். மெய்யான பிழையும் தேய்த்தால் விலை இழக்கும்.

இரண்டு: "லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் அனுப்புங்கள்" என்பவர்களிடம் கட்டணத்தைக் கோணல் குத்திகளாகத் தரலாமா என்று கேட்டுப் பார்க்கவும்.

மூன்று: "நாணயச் சேகரிப்பாளர்" என்பதற்கான வரைவிலக்கணம் திருத்தப்பட வேண்டும். அரிய காசைத் தேடி அலைபவர் என்பது நூல்களில் உள்ளது. களத்தில் கண்டதோ வேறு: கொண்டக்டரிடம் வாங்கி, கடைக்காரரிடம் தோற்று, உண்டியலில் போட மனம் வராதவரே சேகரிப்பாளர். இவ்வாய்வுக்கான மாதிரிகள் அனைத்தும் அந்த முறையிலேயே திரட்டப்பட்டன.