டிக் என்றால் போதும்

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று போனில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கம்ப்யூட்டர் வேலை போயிடுச்சாடா? மறைக்காம சொல்லு" என்றாயே, அப்போதுதான் விஷயம் புரிந்தது. மூஞ்சியெல்லாம் கரியோடு கார் சக்கரத்துக்கு முன்னால் நான் குந்தியிருக்கிற படத்தை உன் மருமகள் குடும்ப குரூப்பில் போட்டிருக்கிறாள். வேலை போகவில்லை அம்மா. பிரேக் பேடுதான் போயிற்று.

வண்டி 1994 லேண்ட் குரூசர், 80 சீரிஸ். "மிலிட்டரி வண்டி மாதிரி இருக்கே" என்று அப்பா சொன்னாரே, அதுதான். சிட்னியில் ஐந்து வயது தாண்டிய வண்டியை வருஷா வருஷம் சோதித்துச் சீட்டு வாங்கினால்தான் பதிவைப் புதுப்பிப்பார்கள். சோதித்தவர் முன் சக்கர பேடில் இரண்டு மில்லிமீட்டர்தான் மிச்சம் என்றார். புதிதில் பத்து மில்லிமீட்டர் இருக்கும். ஸ்டாக்டன் கடற்கரை மணலில் நாங்கள் போட்ட ஆட்டம் மீதியைத் தின்றுவிட்டது. ஒர்க்‌ஷாப்பில் கேட்ட கூலியை ரூபாயில் சொல்ல மாட்டேன். உனக்கு பி.பி. இருக்கிறது.

அதனால் நானே இறங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி மோட்டார் கருவி ஓட்டக் கூடாது என்று இங்கே சட்டம். எட்டு அடிக்கும்வரை ஸ்பேனரும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். வேலை என்னவோ சுலபம்தான். இந்த வண்டியில் காலிப்பரைக் கழற்றவே வேண்டாம். பேடைப் பிடித்திருக்கிற இரண்டு கம்பிப் பின்களையும் ஸ்பிரிங்கையும் உருவினால் பேடு கையோடு வரும். கடல் உப்பில் துருவேறிய ஒரு பின் மட்டும் மதியம்வரை அசையவில்லை. பிஸ்டன்களை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் மேலே ஏறும். வழிந்தால் பெயிண்ட்டை அரித்துவிடும். அடுப்பில் பாலுக்குக் காவல் நிற்பது போல உன் மருமகள் பானட்டுக்குள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்கப்புறம்தான் டார்க் ரெஞ்சு. வீல் நட்டை இத்தனை பலத்தில்தான் முடுக்க வேண்டும் என்று கணக்கு. என் அலாய் சக்கரத்துக்கு 103 நியூட்டன் மீட்டர். அளவை வைத்துத் திருகினால் 'டிக்' என்று சொல்லும். சொன்னால் நிறுத்திவிட வேண்டும். இந்த ரெஞ்சால் நட்டைக் கழற்றக் கூடாது. கழற்றும் வேலைக்கு வேறு ஸ்பேனர். வேலை முடிந்ததும் அளவை அதன் மிகக் குறைந்த குறிக்கு இறக்கி, பெட்டிக்குள் படுக்க வைக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்பிரிங் களைத்துப்போகுமாம். வருஷம் ஒருமுறை கணக்குச் சரியா என்று பரிசோதனை வேறு. எனக்குக்கூட இந்த நாட்டில் இவ்வளவு ஓய்வும் வைத்தியமும் கிடையாது. ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒருமுறை டிக் பார்க்கணும். கோயிலுக்குப் போன இடத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பார்க்கிங்கில் பார்த்தேன். குருக்களே எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். உன் பேரன் இப்போது ஜாம் பாட்டிலை மூடிவிட்டுக்கூட "டிக்" என்கிறான்.

பஸ் ஸ்டாண்டு பின்னால் இருக்கிற பாய் பட்டறையில் இதெல்லாம் ஏது? ஸ்பேனர் மேல் ஏறி ஒரு மிதி மிதிப்பார். அப்பா ஓட்டிய அம்பாஸடரில் ஒரு நட்டு கழன்றதுண்டா? அங்கே பானட்டைத் திறந்தால் யோசனை சொல்ல ஆறு பேர் வருவார்கள், ஏழாவது ஆள் டீ வாங்கி வருவார். இங்கே நாயோடு நடந்துபோன பக்கத்து வீட்டுக்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அவ்வளவுதான்.

ஆனாலும் வண்டி இப்போது நிற்கிற அழகை நீ பார்க்கணும்! பேடு மாற்றியதும் பெடலை நாலைந்து தரம் மிதித்து இறுக்கம் வந்த பிறகுதான் கிளப்பினேன். ஆளில்லாத ரோட்டில் வேகம் எடுப்பதும் குறைப்பதுமாகப் புதுப் பேடை பிரேக் வட்டுக்குப் பழக்கினேன். இரண்டு டன்னுக்கு மேற்பட்ட வண்டி, சொன்ன இடத்தில் நிற்கிறது.

பேடு மலிவு, அதை மாட்டுகிற கைதான் விலை என்பதை இங்கே வந்துதான் தெரிந்துகொண்டேன். அப்பாவிடம் சொல்: அடுத்த தடவை பாய் கூலி சொன்னால் பேரம் பேசாமல் கொடுக்கட்டும். மேலே ஒரு டீயும் வாங்கிக் கொடுக்கட்டும்.

அன்புடன்,
உன் சின்னவன்