பாகும் பாகையும்: கடலைமிட்டாய் வீடு குறித்து ஓர் ஆய்வு

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில், என் அக்கா வீட்டு அடுப்படியில், அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் நடந்தேறிய கட்டுமானம் ஒன்றை அறிஞர் உலகின் பார்வைக்கு வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். ஊர்ப் பெயரைப் படித்ததும் உங்கள் முகம் மாறியிருக்கும். 2024 ஜூனில் கள்ளச்சாராயம் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனபோதுதான் நாடு இந்தப் பெயரைக் கேட்டது. அது இவ்வகை ஆய்வுக்குரிய பொருளல்ல. ஆனால் இந்த ஊரிலும் விடுமுறை வரும், பிள்ளைகள் இனிப்பு கேட்பார்கள்.

கேட்டவள் அக்காவின் கடைக்குட்டி. கைப்பேசியில் வெள்ளைக்காரர்கள் இஞ்சி ரொட்டியில் வீடு கட்டுவதைப் பார்த்துவிட்டாள். "மாமா, நமக்கும் ஒண்ணு."

முன்னாய்வுகளைப் புரட்டினேன். இவ்வகை வீட்டுக்குப் பெரும் புகழ் சேர்த்தது 1812-இல் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட ஜெர்மானியக் கதை. அதில் சுவர் ரொட்டி, கூரை கேக், சன்னல் சர்க்கரை. இஞ்சி என்ற சொல்லே இல்லை. மூல நூலிலேயே இல்லாத இஞ்சிக்காக நாம் ஏன் அடுமனை தேடி அலைய வேண்டும்? இந்த வாதம் அக்காவுக்கு மிகவும் பிடித்திருந்தது. அவள் வீட்டில் ஓவன் கிடையாது.

எனவே உள்ளூர்ப் பொருள்கள் சோதனைக்கு உட்படுத்தப்பட்டன. வெல்லம், அரிசி மாவு, சுக்கு என்று சேர்மானத்தில் இஞ்சி ரொட்டிக்கு நெருங்கிய உறவு அதிரசம்தான். ஆனால் நிறுத்தி வைத்தால் ஐந்து நிமிடத்தில் கூழைக் கும்பிடு போடுகிறது. முறுக்கு சன்னல் கம்பிக்கு மட்டுமே லாயக்கு. தட்டை வட்டமாக இருப்பதில் பிடிவாதம் காட்டியது. எஞ்சியது கடலைமிட்டாய். 2020-இல் புவிசார் குறியீடு பெற்றது கோவில்பட்டிக் கடலைமிட்டாய் என்றாலும், கரும்பு விளையும் சீமையில் இருந்துகொண்டு வெல்லப்பாகுக்கு இன்னொரு ஊரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லை என்று தீர்மானித்தோம்.

வரைபடப் பொறுப்பு அக்கா மகனுக்கு. பாலிடெக்னிக்கில் சிவில், இரண்டாம் ஆண்டு. மடிக்கணினியைத் திறந்து ஆட்டோகேடில் வீட்டை எழுப்பினான். நீளம் 30 சென்டிமீட்டர், அகலம் 24, சுவர் உயரம் 15, கூரைச் சரிவு 45 பாகை. மொத்தப் பரப்பு சுமார் 2,926 சதுர சென்டிமீட்டர் என்று கணக்கும் வந்தது. ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு ஏறக்குறைய மூன்று லிட்டர் மிட்டாய். வேர்க்கடலை 2 கிலோ, வெல்லம் ஒன்றரை கிலோ வாங்கினோம். இதுவரை கணினி ஒரு குறையும் வைக்கவில்லை என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

பையன் சுட்டியைத் தள்ளும்போது கோடுகள் புள்ளிக்குப் புள்ளி தாவி ஒட்டிக்கொண்டன. அதைப் பார்த்த ஆயா (அக்காவின் மாமியார்) கேட்டார்: "இது புள்ளிக் கோலந்தானடா?" சிரித்துவிட்டு நகரக்கூடிய கேள்வியல்ல. கணினித் திரையில் படம் வரையும் ஸ்கெட்ச்பேட் நிரலை இவான் சதர்லேண்ட் எம்.ஐ.டி.யில் செய்தது 1963. ஆட்டோகேட் வந்தது 1982. இரண்டுக்கும் நடுவே, 1974-இல், தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து, கோலத்தைக் கணினிக்குரிய இலக்கணமாக எழுதலாம் என்று ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டார்கள். ஆகவே ஆயாவின் கருதுகோள் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே நிறுவப்பட்டது. ஆயாவிடம் சொன்னேன். "அப்ப அந்தப் பொட்டிக்கு எதுக்குடா கரண்டு?" என்றார்.

இனி பேரிடர். பாகங்கள் ஒவ்வொன்றையும் தனித்தனிப் பக்கமாகப் பிரித்து, பென் டிரைவில் போட்டு, கடைவீதியில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பையன் அச்செடுத்து வந்தான். தாள்களை வெட்டித் தயாராக வைத்தோம். அளந்து பார்க்க எவருக்கும் தோன்றவில்லை. கணினி போட்ட அளவாயிற்றே.

அடுப்பில் பாகு கொதித்தது. ஆயா ஒரு சொட்டு எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டார். விரலால் திரட்டினார், வளைந்தது. "இது அதிரசத்துக்கு." இன்னும் கொஞ்ச நேரம். அடுத்த சொட்டைக் கிண்ண விளிம்பில் தட்டினார்; 'டங்' என்றது. பொறியியலார் வெப்பமானியில் 150 பாகைக்கு அக்கம்பக்கத்தில் தேடும் கட்டம் அது. ஆயா காதால் அளந்தார். கடலையைக் கொட்டிக் கிளறி, நெய் தடவிய தாம்பாளங்களில் பரப்பிப் பூரிக்கட்டையால் தேய்த்தாயிற்று. சூடு ஆறுமுன் வெட்ட வேண்டும். ஆறினால் கத்தி வைத்த இடமெல்லாம் சில்லாகத் தெறிக்கும். இரண்டு மூன்று நிமிடம்தான் தவணை.

தாள்களை மேலே பரப்பினோம். கூரை வீட்டைவிடக் குட்டை. 24 அகலமிருக்க வேண்டிய முகப்பு 20 கூட இல்லை. கதவு 28 சென்டிமீட்டர் உயரம், அதாவது சுவரைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு. கடைக்காரர் ஒவ்வொரு பக்கத்தையும் 'ஃபிட் டு பேஜ்' என்று போட்டு அடித்திருக்கிறார். ஏ4 தாளின் அகலமே 21 சென்டிமீட்டர். பெரியவற்றைக் குறுக்கிச் சிறியவற்றை ஊதி, எல்லாவற்றையும் தாள் நிறைய வைத்துவிட்டது இயந்திரம். சமத்துவம் என்ற கொள்கை கட்டடக் கலைக்கு ஒத்துவராது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

"ஊட்டவிட வாசப்படி பெருசா? நகருங்கடா" என்று ஆயா தாள்களை உருவி எறிந்தார். ஒரு சாண், நாலு விரற்கடை என்று கையால் அளந்து கத்தியை இழுத்தார். ஆறு பலகையும் வெட்டி முடிந்தபோது பையன் ஆட்டோகேடில் தேதி போட்டுக் கோப்பைச் சேமித்துக்கொண்டிருந்தான்.

எழுப்புவதில் பையனின் படிப்பு கைகொடுத்தது, அதை மறைக்கக் கூடாது. சாய்ந்த கூரை தன் எடையால் சுவர்களை வெளியே தள்ளும், விட்டம் வேண்டும் என்றான். குறுக்கே ஒரு கரும்புத் துண்டை வைத்துப் பாகால் ஒட்டினோம். ஒவ்வொரு மூலையையும் பாகு இறுகும்வரை நாலு கை பிடித்திருந்தோம். என் கட்டை விரலில் கொப்புளம். கூரைக்கு ஓமப்பொடி வேய்ந்தாள் கடைக்குட்டி. அசல் வைக்கோல் போலவே இருந்தது. கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்த பெருமையில் கதவில் ஒரு யாளி செதுக்க நான் முயன்றேன். தவளை என்று ஒரு மனதாக முடிவு செய்யப்பட்டது.

வீட்டைத் தண்ணீர் ஊற்றிய தட்டத்தின் நடுவில் கிண்ணம் கவிழ்த்து அதன்மேல் வைத்தோம், எறும்புக்காக. எறும்பு வரவில்லை. கல்வராயன் மலைப் பக்கமிருந்து ராத்திரி மழை வந்தது. வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பது வேதியியல். விடிந்தபோது தெற்குச் சுவர் பிசுபிசுத்து, கூரை ஒரு பக்கம் இறங்கியிருந்தது. விட்டம் மட்டும் அசையவில்லை. பள்ளிக்கூடத்தில் காட்ட முடியாதே என்று கடைக்குட்டி அழுதாள். பிறகு கூரையிலிருந்து தொடங்கினாள்.

அடுத்த டிசம்பரில் இதைச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: மழையில்லாத நாளாகப் பாருங்கள். அச்சுக் கடையில் "நூறு சதவீதம், தாளுக்குப் பொருத்த வேண்டாம்" என்று சொல்லுங்கள். கையோடு ஒரு அளவுகோல் கொண்டுபோய், அங்கேயே ஒரு முறை அளந்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.