மூன்றில் ஒரு பங்கு

“நாப்பத்திரண்டு வார்த்தை பெரியப்பா. அஞ்சு கூடலாம், அஞ்சு குறையலாம்” என்றாள் தம்பி மகள்.

நாங்குநேரியில் தம்பி வீட்டுத் திண்ணை. பத்தாம் வகுப்புப் பிள்ளை, ஆங்கிலத் தேர்வுக்கு சம்மரி எழுதிப் பழகிக்கொண்டிருந்தாள். கொடுத்திருந்த பத்தி தேனீயைப் பற்றியது. ஒவ்வொரு சொல்லுக்கு அடியிலும் பென்சிலால் ஒரு புள்ளி குத்திக்கொண்டே போனாள். மொத்தம் 126 புள்ளி. மூன்றால் வகுத்தாள், 42. நோட்டில் எழுதினாள்: கொடுத்த சொற்கள் இத்தனை, எழுத வேண்டியவை இத்தனை, கூட்டல் கழித்தல் ஐந்து. அதற்குக் கீழே ‘ரஃப் காப்பி’. பத்தியின் முதல் வரியை அப்படியே இறக்கினாள். இரண்டு வரி தாண்டி ஒரு வரி. பிறகு கடைசி வரி. எழுதிய ரஃப் காப்பியின் மேல் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்தாள். கீழே ‘ஃபேர் காப்பி’: அதே வரிகள், கொஞ்சம் நல்ல கையெழுத்தில். தலைப்பு ‘ஹனி பீ’. ஆறு நிமிஷத்தில் சோலி முடிந்தது.

“ஏளா, தேனீயைப் பத்தி அதுல என்னதான் சொல்லியிருக்கான்?”

நிமிர்ந்து பார்த்தாள். இந்தப் பெரியப்பாவுக்கு விவரம் பத்தாது என்ற பார்வை. “அதெல்லாம் கேக்க மாட்டாங்க பெரியப்பா.”

பிள்ளை சொன்னது சத்தியம். யாரும் கேட்க மாட்டார்கள். அந்தக் கட்டம், அந்தக் கோடு, அந்தத் தலைப்பு, அந்த எண்ணிக்கை எல்லாம் இடம் மாறாமல் இருந்தால் ஐந்து மார்க் கேள்வியில் நாலு வந்துவிடும். தேனீ என்ன ஆனாலும் தேனீயின் பாடு. புரிந்துகொண்டதைச் சோதிக்க வைத்த கேள்விக்கு, புரிந்துகொள்ளாமலே விடை எழுதும் வழியைக் கண்டுபிடித்துப் பாடமாகவே நடத்துகிறோம். இதற்கு ஒரு பட்டயம் கொடுத்தால் தகும்.

பத்தியைப் படித்து விடையளிக்கும் கேள்வியிலும் இதே வித்தைதான். கேள்வியில் இருக்கும் பெரிய சொல் எது என்று பார். அந்தச் சொல் பத்தியில் எந்த வரியில் இருக்கிறது என்று தேடு. அந்த வரியை முற்றுப்புள்ளியோடு தூக்கி எழுது. மோப்பம் பிடிக்கத் தெரிந்தால் போதும், படிக்கத் தெரிய வேண்டாம். ராஜபாளையம் நாய் ஒன்றைப் பழக்கினாலும் அதுவும் 35 வாங்கிப் பாஸாகிவிடும்.

படம் பார்த்து ஐந்து வரி எழுதும் கேள்வி இன்னும் அழகு. எந்தப் படம் வந்தாலும் செல்லுபடியாகும் ஐந்து வாக்கியங்களை நெட்டுருப் போட வைத்திருக்கிறார்கள். இது நல்ல படம். எனக்கு மிகவும் பிடிக்கும். இது நல்ல கருத்தைச் சொல்கிறது. நாம் இதைப் பின்பற்ற வேண்டும். இது நம் வாழ்வுக்குப் பயன்படும். மரம் நடும் படம் வந்தாலும் இதே ஐந்து, லாரியும் பைக்கும் மோதிக் கிடக்கும் படம் வந்தாலும் இதே ஐந்து. விபத்தைப் பின்பற்றச் சொன்ன பிள்ளைக்கும் இலக்கணப் பிழை இல்லையென்றால் மார்க் உண்டு.

வாத்தியார்மாரைத் திட்டிவிட்டுப் போவது எளிது. அவர்கள் பிழைப்பு அப்படி. தேர்ச்சி விழுக்காடு ஒன்று குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைத்துக் கேட்பார்கள். ‘மெல்லக் கற்போர்’ என்று ஒரு பட்டியல், அவர்களுக்கு ‘மினிமம் மெட்டீரியல்’ என்று இருபது பக்கம், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், அதற்கு மேல் ‘எமிஸ்’ என்ற கல்வித் துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டிய கணக்கு. இதற்கு நடுவில் ஒருவர் தேனீயைப் பற்றி வகுப்பில் பேச உட்கார்ந்தால், போர்ஷன் முடிக்கவில்லை என்று எழுதிப்போடுவார்கள். 2019-20ஆம் கல்வியாண்டில் இரண்டு தாளாக இருந்த பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தையே ஒரு தாளாகச் சுருக்கிய துறை அது. சுருக்குவதில் அவர்களை மிஞ்ச நம்மால் ஆகாது.

பலன் இல்லாமலும் இல்லை. 2024 பத்தாம் வகுப்பு முடிவில் ஆங்கிலத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 415 பேர். தமிழில் 8 பேர். வீட்டில் பேசும் மொழியை விடப் பேசாத மொழியில் நாம் ஐம்பது மடங்கு கெட்டிக்காரர்கள். மோப்ப வித்தை தமிழ்த் தாளில் அவ்வளவாகப் பலிக்கவில்லை போலும்.

இது நடப்பது எந்தச் சீமையில் என்பதையும் சொல்ல வேண்டும். பாதிரியார் ரேனியஸ் 1820இல் வந்து பள்ளிகளைத் திறந்த பாளையங்கோட்டை எங்களுக்கு ஒரு மணி நேரப் பயணம். தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று அதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் வாய் வலித்துவிட்டது. திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதி 1856இல் வெளியிட்ட கால்டுவெல்லின் இடையன்குடிக்கும் இங்கிருந்து பஸ் ஏறிப் போய்விடலாம். அந்த வெள்ளைக்காரர் ஆட்சியில் துரைக்கு நேரம் இல்லாததால் கோப்பைச் சுருக்கிச் சொல்லக் குமாஸ்தா தேவைப்பட்டான். அவனுக்கும் வேண்டியிருந்தது இந்தச் சம்மரிதான். அந்தக் குமாஸ்தாவாவது கோப்பைப் படித்தான். தப்பாகச் சுருக்கினால் வேலை போய்விடும்.

படிப்பது என்றால் என்ன என்று எங்கள் ஊருக்குத் தெரியாமலும் இல்லை. 1917இல் இங்கே பிறந்த நா. வானமாமலை, பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தித்தான் குடும்பத்தைப் பார்த்தார். இன்றைய பேச்சில் சொன்னால் டியூஷன் சென்டர். அந்த வருமானத்தில் இருந்துகொண்டு நாட்டுப்பாடல்களையும் கதைப்பாடல்களையும் தேடித் தேடிச் சேர்த்தார். அதில் ஒன்று முத்துப்பட்டன் கதை. பிராமணன் ஒருவன் அருந்ததியர் பெண்கள் இருவரை மணந்து, அவர்கள் குடும்பத்தின் மாட்டைக் காக்கப் போய்ச் செத்த கதை. காலப்போக்கில் அதில் ஓர் ஒட்டு விழுந்தது: அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள்தானாம், காட்டில் கிடந்தவர்களை எடுத்து வளர்த்தார்களாம். கதையைப் பாடவும் வேண்டும், சாதிக்கும் வலிக்கக் கூடாது. நா.வா. அந்த வரியில் நின்று, இது பின்னால் சேர்த்த ஒட்டு என்று சொன்னார். அதற்குப் பெயர்தான் ரீடிங். எந்த வரியை யார், எதற்காகச் சேர்த்தார்கள், எதை அடித்தார்கள் என்று கண்டுபிடிப்பது. டியூஷன் சென்டர் நடத்திய மனுஷனுக்கு அது கைவந்தது. இப்போது தெருவுக்கு ஒரு டியூஷன் சென்டர் இருக்கிறது, அங்கே மூன்றால் வகுக்கக் கற்றுத் தருகிறார்கள்.

இனி எங்கள் ஊரின் சொந்தப் பத்திக்கு வருகிறேன்.

2023 ஆகஸ்ட் 9. வள்ளியூரில் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் படித்த நாங்குநேரிப் பையன், தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பிள்ளை. கூடப் படித்த ஆதிக்கசாதிப் பையன்கள் அவனைத் தொடர்ந்து துன்புறுத்தினார்கள், எடுபிடி வேலை வாங்கினார்கள். அவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான். ஏன் வரவில்லை என்று கேட்டபோது நடந்ததை உள்ளபடி சொன்னான். கவனியுங்கள், நீண்ட துன்பத்தைச் சுருக்கி, விஷயம் விடாமல் அவன் சொன்னதுதான் சரியான சம்மரி. அன்று ராத்திரியே அதற்கு மார்க் போட அரிவாளோடு வீட்டுக்கு வந்தார்கள். அவனை வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையையும் வெட்டினார்கள். அதிர்ச்சியில் உறவுக்காரப் பெரியவர் ஒருவர் செத்துப்போனார்.

மூலப் பத்தி இது. ஊர் இதை எப்படிச் சுருக்கியது? ‘மாணவர்களுக்குள் மோதல்.’

இரண்டே சொல். கூட்டல் கழித்தல் ஐந்துகூடத் தேவைப்படவில்லை. டீக்கடையில் அப்படித்தான் பேசினார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் அப்படித்தான் பேசினார்கள். மோதல் என்றால் இரண்டு பக்கமும் வந்து முட்ட வேண்டும் அய்யா. ஒரு பக்கம் தன் வீட்டுக்குள் இருந்தது, மறுபக்கம் அரிவாளோடு வாசலுக்கு வந்தது. இதில் எது மோதல்? ‘பயலுக, சின்ன வயசு, ஏதோ சண்டை’ என்று ஃபேர் காப்பியும் எழுதிவிட்டார்கள். உறவுக்காரப் பெரியவரின் சாவு ரஃப் காப்பியோடு போயிற்று.

பிள்ளைகளுக்குச் சம்மரி விதி சொல்லித் தருவார்கள்: பெயரை விடு, எடுத்துக்காட்டை விடு, திரும்பத் திரும்ப வருவதை விடு. பெரியவர்கள் இந்த விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கிறார்கள். 2022 ஏப்ரலில் பள்ளக்கால் பொதுக்குடி அரசுப் பள்ளியில் கையில் கட்டிய கயிற்றை வைத்துத் தகராறு, ஒரு பிள்ளையின் உயிர் போனது. எடுத்துக்காட்டு, விடு. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் பிளஸ் ஒன் தேர்வெழுதப் பஸ்ஸில் போன பையனை இறக்கி வெட்டினார்கள், கைவிரல்கள் துண்டாயின. திரும்ப வருகிறது, விடு. சாதி? அது பெயர், விடு. இப்படி விட்டு விட்டுக் கடைசியில் மிஞ்சும் நாற்பத்திரண்டு சொல்லில் எங்கள் சீமை அல்வாவும் தாமிரபரணியும் நெல்லையப்பரும் மட்டுமாக இனிக்கிறது. திரும்பத் திரும்ப வருவதுதானய்யா இங்கே விஷயம்!

ஒவ்வொரு தடவையும் வரும் அறிக்கைகளையும் பாருங்கள். மிகுந்த வேதனை அளிக்கிறது. வன்மையாகக் கண்டிக்கிறேன். குற்றவாளிகள் யாராக இருந்தாலும் சட்டம் தன் கடமையைச் செய்யும். மாணவர்கள் ஒற்றுமையாக இருக்க வேண்டும். இனி இதுபோல் நடக்கக் கூடாது. எண்ணிப் பாருங்கள், ஐந்து வரி. படம் எதுவானாலும் அதே ஐந்து. எந்த ஸ்பெஷல் கிளாஸில் உருப்போட்டார்களோ.

நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை ஒருநபர் குழுவாக வைத்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை கொடுத்தார். பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதியை எடுக்கச் சொன்னார். வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வைக்கச் சொன்னார். ஒரு பகுதியில் எந்தச் சாதி ஓங்கியிருக்கிறதோ அந்தச் சாதிக்காரரை அங்கே தலைமையாசிரியராகப் போடாதே என்றார். ஆசிரியர் பயிற்சி முதல் நிர்வாகம் வரை நூற்றுக்கணக்கான பக்கம். அதற்கு நாட்டில் எழுதப்பட்ட சம்மரி என்ன? ‘கையில கயிறு கட்டக் கூடாதாம், நெத்தியில பொட்டு வைக்கக் கூடாதாம்.’ கேள்வியில் பெரிய சொல் எது என்று தேடினார்கள், கயிறு கிடைத்தது, அந்த வரியைத் தூக்கினார்கள். சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஓர் உறுப்பினர் அறிக்கையின் நகலையே கிழித்துப் போட்டார். ரஃப் காப்பிக்குக் குறுக்கே கோடு போட்டால் போதும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இவர்களுக்கெல்லாம் ஆங்கிலம் வேண்டாம், தமிழிலேயே ஒரு பத்தி கொடுத்து உட்கார வையுங்கள். 126 சொல் போதும். யார் யாரை வெட்டினார்? ஏன்? இரண்டு கேள்வி, ஒரு மணி நேரம். விடைத்தாளில் ‘ஏன்’ என்பதற்கு நேரே எத்தனை பேர் ‘முன்விரோதம்’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடுவார்கள் என்று நான் இப்போதே எண்ணி வைத்திருக்கிறேன்.

இதையெல்லாம் நான் சொல்லக் கேட்ட தம்பி மகள் நோட்டை மூடி வைத்தாள். “நீங்க சொன்னதெல்லாம் எழுதுனா மார்க் வராது பெரியப்பா” என்றாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் அந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன், ‘மோதல்’ என்ற சொல் பரிமாறப்பட்டபோது இலையைப் பார்த்துக் குனிந்தவன்தான்.

வெட்டுப்பட்ட பையன் 2024இல் பிளஸ் டூ தேர்வெழுதினான். கையில் காயம் ஆறவில்லை, அவன் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். 600க்கு 469. ஆங்கிலத்தில் 93.